இடது மட்கார்டில் ஒரு குழி

சித்தூர்
9 மே 1978

கர்த்தருக்குள் அன்பான இயேசுதாசன் அண்ணாவுக்கு,

தங்கை கிருபாபாய் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மச்சானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் பதினொரு நாளாகச் சித்தூர் வெயிலில் மின்விசிறி போடாமல், தாளிக்காத குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிற இரண்டு பேரைப் பற்றி அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள், விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பார்கள், கடுகு வெடிக்கிற சத்தத்தைத் தினமும் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

எல்லாம் ஒரு காரால் வந்தது. வருகிற இருபத்தோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் சபையின் நூற்றாண்டு விழா என்பதும், அதற்கு நீங்கள்தான் தலைமை என்பதும், நம் மிஷனரி பெம்பர்ட்டன் துரையின் மகள் டோரதி அம்மாள் அமெரிக்காவிலிருந்து வருகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று கமிட்டி மூன்று முறை கூடி, சாமி படம் போட்ட காளஹஸ்தித் துணி வேண்டாம், குத்துவிளக்கு வேண்டவே வேண்டாம் என்று இரண்டு தீர்மானங்களை ஒருமனதாக நிறைவேற்றியது தெரியாது. மூன்றாவது கூட்டத்தில் செயலாளர் ஜெயகுமாரி, டோரதி அம்மாளின் கடிதத்தை வாசித்தாள். அப்பாவின் சின்ன ஆஸ்டின் கார் இன்னும் தன் கனவில் வருகிறது என்றும், அதன் இடது மட்கார்டில் குழந்தையின் கன்னத்துக் குழி மாதிரி ஒரு குழி இருந்தது என்றும் அவர்கள் எழுதியிருந்தார்கள். அந்தக் காரையே சின்னதாகச் செய்து கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்க, எல்லாத் தலையும் உங்கள் மச்சான் பக்கம் திரும்பியது. முப்பது வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாகப் பாலமும் மதகும் வரைந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர் அல்லவா, மதகு வரைந்த கைக்குக் கார் ஒரு காரியமா என்பது கமிட்டியின் எண்ணம். இவர் மீசையைத் தடவிக்கொண்டு "பார்க்கலாம்" என்றார். இருபத்திரண்டு வருஷம் இவரோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன், இவர் 'பார்க்கலாம்' என்றால் மனசுக்குள் பாதி வேலை முடிந்துவிட்டது என்று பொருள். காரின் நிறம் என்ன என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை, இருக்கிற ஒரே போட்டோ கறுப்பு வெள்ளை, பச்சை என்கிற என் ஞாபகத்தைக் கமிட்டி கணக்கில் எடுக்கவில்லை. ஓட்டெடுத்தார்கள். பச்சைக்கு ஏழு, கறுப்புக்கு நான்கு, ஒருவர் எந்த நிறமானாலும் தனக்குச் சம்மதம், காபி எப்போது வரும் என்று கேட்டார். நிறத்தை ஓட்டெடுத்துக் கண்டுபிடிக்கிற முறையை என் தாவரவியல் மாணவிகளுக்கு நான் இதுவரை சொல்லித்தரவில்லை.

கார் உடம்பைச் செதுக்கத் திருப்பதியில் நாகபூஷணம் என்பவரிடம் போனோம். செம்மரத்தில் ஆணும் பெண்ணுமாக மரப்பாச்சி பொம்மை ஜோடி செய்கிறவர். இருபத்துநாலில் ஒரு பங்கு என்று கணக்கிட்டு இவர் வரைந்த பதினொரு தாள்களையும் அவர் தலைகீழாகப் பிடித்து நன்றாகப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டார். கார் என்றேன். "கார்தான் அம்மா, எனக்குத் தெரியாதா, அதுல எது?" என்றார். இவர் அளவுகளை மட்டும் விளக்கிவிட்டு வந்தார். இரண்டு வாரம் கழித்துப் போனால், பட்டறைப் பலகைமேல் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, இரண்டின் பானெட்டிலும் சந்தனம், குங்குமம். ஒன்று மற்றதைவிட ஒரு அரிசி நீளம் குட்டை. "அவங்க கொஞ்சம் குள்ளம்" என்றார் நாகபூஷணம். நாங்கள் ஒன்றுதானே கேட்டோம் என்றேன். "ஒண்டிக்கட்டையா ஒண்ணைச் செஞ்சு வெளிய அனுப்பறது எங்க வம்சத்துலயே இல்லம்மா. ஜோடியைப் பிரிச்சா இது ஓடாது." இது ஓடுகிற காரே இல்லை ஐயா என்றேன். "அப்போ இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்" என்று இரண்டையும் ஒரே துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் சந்திரகிரி தாண்டும்வரை இவர் தன் கைக்குட்டையால் சபைக் காரின் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். பெண் காரின் குங்குமத்தில் மட்டும் கை வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது கமிட்டிக் கணக்கில வராதே" என்றார்.

அதன்பிறகுதான் எங்கள் வீட்டில் மனிதர் வாழ முடியாமல் போனது. எனாமல் காய்கிறவரை தூசி படக்கூடாது, அதனால் விசிறி கூடாது. எண்ணெய்ப் புகை படியக்கூடாது, அதனால் தாளிப்பு கூடாது. வீட்டிலேயே தூசியில்லாத இடம் வலைபோட்ட சாப்பாட்டு அலமாரிதான் என்று கண்டுபிடித்து, கருவாட்டுப் பானையை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் காரை நிறுத்தினார். பூனைக்கு ரொம்பச் சந்தோஷம். நுண்ணிய வேலைக்குக் கடையில் கிடைக்கிற பிரஷ் எல்லாம் துடைப்பம் மாதிரி இருக்கிறதாம், முனை தானாகவே கூராக முடிகிற மெல்லிய முடி வேண்டுமாம். இவர் எழுதிக் கேட்டதற்கு நாகபூஷணம், "மேல மலையில குழந்தைங்களுக்கு முதல் மொட்டை போடறாங்களே சார், அதைவிட மெல்லிசு உலகத்துல ஏது?" என்று பதில் எழுதினார். சாமிக்குக் கொடுத்த முடியை நாம் கேட்பது முறையில்லை என்று இவர் இரண்டு நாள் வருத்தத்தோடு இருந்தார். மூன்றாம் நாள் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து முகம் கழுவப் போனேன், கண்ணாடியில் என் நெற்றியோரத்துக் குட்டை முடி ஒரு பக்கம் மட்டும் காணோம். திரும்பிப் பார்த்தால் இவர் அதை ஒரு தீக்குச்சி முனையில் நூலால் கட்டிக்கொண்டிருக்கிறார். "உன்னுது அருமையான முடி, கிருபா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் என் முடியைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது, அதனால் திட்டவும் வாய் வரவில்லை.

அந்தப் பிரஷ்ஷால் இவர் செய்கிற வேலையை, உண்மையைச் சொல்ல வேண்டுமானால், உட்கார்ந்து பார்க்கலாம். மூச்சை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மூச்சு வருவதற்குள் ஒரு கோடு. நம்பர் பலகையில் கடுகளவு எழுத்துகள். ஸ்டெப்னி டயரில் ஒட்டுப்போட்ட இடம். ரேடியேட்டரின் கம்பிகளை என் ஆய்வகத்து லென்ஸை வைத்து ஒவ்வொன்றாக இழுத்தார். அந்தக் குழியை இவர் மரத்தில் குடையவில்லை, பச்சைக்குள் ஒரு சொட்டுக் கறுப்பைக் கலந்து, ஓரத்தில் நகக்கீற்றுபோல வெளிர்பச்சை வைத்து, வெறும் வண்ணத்தாலேயே குழித்துவிட்டார். அது போகட்டும். மூடிய கதவுக்குள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், டேஷ்போர்டில் ஒரு கடிகாரம், தேய்ந்துபோன பெடல், முன்சீட் இரண்டுக்கும் நடுவே குண்டூசியில் ஒரு கைப்பிரேக், அதன் நுனியில் வெள்ளிப்பொட்டாக ஒரு பொத்தான். பிரேக்குக்கு மட்டும் இரண்டு நாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். "இருந்ததே, கிருபா" என்றார். அவ்வளவுதான் பதில். அந்த வெள்ளிப்பொட்டை லென்ஸில் பார்த்தபோது என்னுடைய வலது கட்டைவிரல் ஏனோ குறுகுறுத்தது. வெயிலுக்கு ரத்த ஓட்டம் அப்படித்தான் இருக்கும்.

காருக்குள்ளே என்ன இருந்தது என்று இவருக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். குடிபாலாவில் இருக்கிற ஜெபதாஸ் மாமாவுக்குக் கார்டு போட்டுக் கேட்டார். துரையின் காரை ஓட்டிய அதே டிரைவர் ஜெபதாஸ்தான், இப்போது எழுபது வயது. அவரும் கார்டு கார்டாக எழுதினார். போன சனிக்கிழமை ஆளே வந்துவிட்டார், குடையும் கையுமாக, காலை பஸ்ஸில். "கிருபா பாப்பா, நல்லா கீறியா?" என்றார். நாற்பத்தெட்டு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட மிஞ்சியிருக்கிற ஒரே ஆள். அலமாரியைத் திறந்து காரை எடுத்து மேஜைமேல் வைத்தோம். லென்ஸை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். "ஸ்டெப்னில ஒட்டு போட்டது நான்தான். அது கூடக் கீதே! அய்யய்ய, பெடலு! என் கால் தேய்ச்ச பெடலு!" என்று ஒரே குதூகலம். இவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. பிறகு லென்ஸ் இடது மட்கார்டுக்கு வந்தது. விரலை வைத்து அந்தக் குழியைத் தடவினார்.

"தடவினா ஒண்ணுமே இல்லியேம்மா. பார்த்தாதான் கீது."

"வண்ணம்தான் மாமா" என்றேன்.

"நான் பிரேக் போட்டேன் பாப்பா."

நான் காபியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"போட்டுட்டுத்தான் சோறு துன்னப் போனேன். துன்னுக்கினே இருக்கேன், மணி அடிக்குது. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லியேன்னு ஓடியாந்தா, வண்டி மணிக்கம்பத்து மேல சாஞ்சிக்கினு நிக்குது. மணியக் கேட்டு ஊர் சனமெல்லாம் ஜெபத்துக்கு வந்துட்டாங்க. வந்தவங்க கண்ணுல நான்தான் பட்டேன்." துரை அவரைக் கவனமில்லாத ஆள் என்று சொல்லி ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, ஹாஸ்டல் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். "முப்பது வருசம் கத்திரிச்செடிக்குத் தண்ணி உட்டேன். அதுவும் நல்ல வேலதான். ஆனா இப்போ நம்ம ஜெயகுமாரியம்மா நூற்றாண்டு மலர்ல அதை வேடிக்கையா எழுதிக்கீதாம், 'ஜெபதாசும் மணிக்கம்பமும்'னு. மாதர் சங்கத்துல வாசிச்சாங்களாம். எம் பொண்ணு தபீதாள் அங்கதான் உக்காந்துக்கினு இருந்தா. எல்லாரும் சிரிச்சாங்களாம். அவளும் சிரிச்சாளாம், வேற என்ன பண்ணுவா?" குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பிரேக்கை யார் எடுத்து உட்டாங்கன்னு கேக்க நான் வரல. நான் போட்டேன்னு ஒரு வரி போட்டாப் போதும்." காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கே ஜெயகுமாரி வீட்டுக்குப் போய் அந்தக் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னேன். "எப்படி அக்கா எடுக்கறது? அதுதான் மலர்லயே நல்ல பகுதி. அவர் பிரேக் போட்டார்னு யாராவது எழுதிக் கொடுத்தா எடுத்துடறேன். நீங்கதானே எதுக்கெடுத்தாலும் ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கேன்னு கேப்பீங்க?" என்றாள். மலர் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஆகவே அண்ணா, இனிமேல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆதாரம் நீங்கள்தான். அன்றைக்குத் துரையின் பங்களாவுக்குப் பின்னால் சரிவில் நின்ற காரில் யார் இருந்தது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். உங்களுக்குப் பதினொரு வயது. வெளியே பார்ப்பதற்கு எட்டவில்லை என்று துரையின் வேதாகம அகராதியைச் சீட்டில் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாயால் பாம் பாம் என்று மதராஸுக்கு ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு எட்டு வயது, நான் பாட்டுக்குப் பின்சீட்டில் துரைசாணியாக உட்கார்ந்து, இன்னும் வேகமாகப் போ டிரைவர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கார் நகர்ந்தது, சரிந்தது, கம்பத்தில் மோதியது, மணி அடித்தது. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு செம்பருத்தி வேலியைத் தாண்டி ஓடினீர்கள். "நீ ஒண்ணும் பேசாதே, யார் கேட்டாலும் பேசாதே" என்று என்னை மிரட்டினீர்கள். நானும் பேசவில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு வந்தபோது ஒரு முறை இதைப் பற்றி உங்களிடம் கேட்டேன். "விடு கிருபா, அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். சென்னையில் ஆயிரம் பையன்களுக்குத் தலைமையாசிரியராக இருந்து, காலை வணக்கத்தில் உண்மை பேசுங்கள் என்று சொல்கிற ஒருவர், நாற்பது வருஷமாக ஒரு டிரைவரைக் கத்திரிச்செடிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருப்பது எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. ஒரு மனிதர் கையால் போட்ட பிரேக்கை இன்னொருவர் கை எடுத்துவிட்டால், அதை எடுத்த கை சொல்ல வேண்டும். சனிக்கிழமைக்குள் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் மேடையில் நீங்கள் தலைமை தாங்குகிறபோது முன்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டியிருக்கும்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இன்னும் கடுமையாக இருந்ததை அடித்துவிட்டுத்தான் இப்படி எழுதியிருக்கிறேன். அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளைக் கர்த்தர் எல்லாத் தீங்குக்கும், முக்கியமாக எனாமல் பெயிண்டுக்கும், விலக்கிக் காப்பாராக. விழா முடிந்த மறுநாள் இந்த வீட்டில் கடுகு வெடிக்கும், அப்போது நீங்கள் இரண்டு பேரும் இங்கே சாப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை,
கிருபாபாய்

பின்குறிப்பு: முந்தாநாள் கடிதத்தை ஒட்டுவதற்காக இவரிடம் கொடுத்தேன். டிராஃப்ட்ஸ்மேன் அல்லவா, எதையும் சரிபார்க்காமல் கைமாற்றத் தெரியாது. முழுவதையும் படித்தார். படித்துவிட்டு அலமாரியிலிருந்து காரை எடுத்துக் கதவைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"உங்கண்ணன் ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தார்னு எழுதியிருக்கே."

"ஆமாம்."

"கெட்டியா."

"ஆமாம், அதுக்கென்ன?"

"அப்ப இந்தப் பிரேக்கை எந்தக் கையால எடுத்தார்?"

லென்ஸை நீட்டினார். முன்சீட் இரண்டுக்கும் நடுவே பிரேக், அதன் நுனியில் வெள்ளிப்பொட்டு, அதற்கு நேர் பின்னால் பின்சீட். எட்டு வயதுப் பெண் முன்னால் குனிந்தால் கை எட்டுகிற தூரம். நான் வெகு நேரம் பார்த்தேன் அண்ணா. அன்றைக்கும் பளபளவென்றுதான் இருந்தது. அமுக்கினால் உள்ளே போய் வெளியே வந்தது. கட்டைவிரலுக்கு இதமாகக் குளிர்ச்சியாக இருந்தது. டிரைவர் வேகமாகப் போகவில்லை என்று துரைசாணிக்குக் கோபம்.

எனக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னால் பொய். எல்லாம் தெரிந்தேதான் உங்களைத் திட்டினேன் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை. பழியை முன்சீட்டில் இருந்தவர்மேல் போட்டுவைத்தேன், நாற்பது வருஷத்தில் அது அங்கேயே காய்ந்துவிட்டது. நீங்கள் 'பேசாதே' என்றது யாரைக் காப்பாற்றுவதற்கு என்பதும், 'விடு கிருபா' என்றது யாருக்காக என்பதும் அன்றைக்கு மத்தியானம்தான் எனக்கு விளங்கியது. மேலே உள்ள பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்றேன். "இருந்ததே, கிருபா" என்று இவர் விடவில்லை. அதனால் அப்படியே அனுப்புகிறேன். படித்துவிட்டு நீங்களே கிழித்துவிடுங்கள்.

நீங்கள் இரண்டு வரி எழுத வேண்டாம். நான் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஜெயகுமாரியிடம் அன்றைக்கே கொடுத்துவிட்டு வந்தேன். அவள் கட்டுரையை எடுத்துவிட்டாள், அந்த இடத்தில் என் வரிகளைப் போடுகிறாளாம். "இதுவும் நல்ல பகுதிதான் அக்கா" என்றாள். அங்கிருந்து நேரே குடிபாலாவுக்குப் பஸ் ஏறினேன். ஜெபதாஸ் மாமா நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். அப்புறம், "பாப்பாவா! நான் இந்நாள்வரை அந்தப் பாழாப்போன பங்களாப் பூனைனு நினைச்சிக்கினு இருந்தேன்" என்றார். தபீதாள் சிரித்தாள். இந்தத் தடவை அவள் முதலில் சிரித்தாள், நான் பிறகுதான்.

குள்ளமான இரண்டாவது காருக்கும் இப்போது வேலை நடக்கிறது. அது மாமாவுக்கு. மட்கார்டில் குழி இல்லை, பானெட்டுக் குங்குமத்தை அவர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நம்பர் பலகை உட்பட வெளிவேலை எல்லாம் இவருடையது. உள்ளே கைப்பிரேக்கும் அதன் வெள்ளிப்பொட்டும் மட்டும் நான் வைத்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் முடியாலேயே. கொஞ்சம் கோணல். ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும்: இந்தக் காரில் பிரேக் போட்டிருக்கிறது.